ரேடியேட்டர் ஒரு தலைப்பில், ஃபேன் ஒரு தலைப்பில்

‘சேர்ந்து இயங்கும் பொருள்களை ஒரே ஆணையில் வாங்க வேண்டும்.’ இது எங்கள் கல்லூரியின் கொள்முதல் விதி. அதை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். அதனால், யாரும் அதைப் பின்பற்ற மாட்டார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும்.

போத்தனூரில் தண்டவாளத்தை ஒட்டிய அறக்கட்டளைக் கல்லூரி அது. நான் அங்கே கொள்முதல் அலுவலர். பார்வையற்ற மாணவர்களுக்காக ஓர் ஒலிப்பதிவு அறை உண்டு. வரலாற்றுத் துறையில் ஓய்வுபெற்ற சரோஜினி மேடம் வந்து பாடப் புத்தகங்களை வாசித்துத் தருவார். அந்த வருடம் அவருக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை என்று முடிவானது. அதற்குப் பிறகு குரல் எப்படி இருக்கும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. புத்தகம் பாதியில் நின்றது.

“பசங்க இந்தக் குரலுக்குப் பழகிட்டாங்க சார். நடுவுல வேற ஆள் வந்தா குழம்பிப் போயிருவாங்க. நானே முடிச்சுப்போட்டுப் போறேனுங்க” என்றார் மேடம்.

பதிவின்போது ஏசியை நிறுத்திவிடுவோம். பங்குனி வெயில், மூடிய அறை. பதிவதும் ஒலியைச் சுத்தம் செய்வதும் ஒரே கம்ப்யூட்டர்தான். சூடேறியதும் அதன் ஃபேன் கத்தும். மைக் அந்தச் சத்தத்தையும் குரலோடு சேர்த்து வாங்கிக்கொள்ளும். கம்ப்யூட்டரை வெளியே வைத்துக் கேபிள் இழுக்கலாமே என்று கேட்பீர்கள். சுவரில் துளை போடக் கட்டடக் குழு கூட வேண்டும். அது கூடுவதற்குள் கட்டடமே விழுந்துவிடும். ஆகவே வாட்டர் கூலிங் என்று முடிவு செய்தோம்: குழாயில் ஓடும் தண்ணீர் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும், ஃபேன் அதை மெதுவாக ஊதி ஆற்றும்.

கணக்குப் பிரிவு என் இண்டென்ட்டை, அதாவது கொள்முதல் கோரிக்கையை, இரண்டாகப் பிளந்தது. ஃபேன், மின்சாதனச் செலவுத் தலைப்பில். ரேடியேட்டர், வாகன உதிரிபாகத் தலைப்பில். வாகனப் பிரிவு கனகராஜ் போன் செய்தார்.

“ஏனுங்க சார், ரேடியேட்டர்னு வந்திருக்குதுங்க. எந்த பஸ்ஸுக்குங்க?”

“கம்ப்யூட்டருக்குங்க.”

“அதுக்கும் எஃப்.சி. காட்டோணுங்களா?”

இரண்டு பிரிவும் தனித்தனியாக, ஆளுக்கொரு மலிவான பொருளை வாங்கின. வந்த ரேடியேட்டர் சின்னது, அதன் ஃபின்கள் என்னும் மெல்லிய தகடுகள் நெருக்கமானவை. அந்த நெருக்கத்துக்குள் காற்றைத் தள்ள அழுத்தம் வேண்டும். வந்த ஃபேன்களோ தடையில்லாத இடத்தில் வீசுவதற்கென்று செய்தவை. காற்று ஃபின்னில் முட்டித் திரும்பியது, தண்ணீர் சூடானது, ஃபேன்கள் முழு வேகத்துக்குப் போயின. சத்தம் முன்னைவிட மோசம்.

இத்தனை வருடமும் ஒவ்வொரு ரயிலுக்கும் பொறுமையாக நிறுத்தி வாசித்த மேடம், அன்று ஹெட்போனைக் கழற்றி வைத்தார். “ரயிலுக்காச்சும் டைம் டேபிள் இருக்குதுங்க. இதுக்கு என்னங்க இருக்குது?”

மாற்றி வாங்க அனுமதி கேட்டு அறக்கட்டளையின் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். எழுதிவிட்டு, காத்திருக்காமல் காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கீதாவின் கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொல்லும் முன்பே அவர் கலர் கலராக மின்னும் ஃபேன்களை எடுத்து வைத்தார்.

“லைட்டு சூப்பரா இருக்கும் சார்.”

“கேக்கற புள்ளைங்களுக்கு லைட் தெரியாதுங்க அம்மணி. சத்தம்தான் தெரியும்.”

கீதா அவற்றை மெல்ல உள்ளே தள்ளினார். மேடத்தின் ஆபரேஷன் வரை முழுக் கதையும் கேட்டார். ஃபின் இடைவெளி அகன்ற, மூன்று ஃபேன் பிடிக்கும் நீள ரேடியேட்டரைக் கேட்டேன். குறைந்த வேகத்திலும் அழுத்தம் குறையாத ஃபேன்களையும் கேட்டேன்.

“பில் யார் பேருக்குங்க?”

“இப்போதைக்கு பில் இல்லீங்க. ரிட்டர்னபிள் கேட் பாஸ். ஓட்டிப் பாத்துட்டுத் திருப்பித் தருவோம்.”

“எப்பத் திருப்புவீங்க?”

“விதியில கெடு போடலீங்க.”

“அப்படியொரு விதிய யாருங்க எழுதுனது?”

“நானேதானுங்க.”

சிரித்துவிட்டார். “கொண்டு போங்க சார். மொதல்ல மேடம் படிச்சு முடிக்கட்டும்.”

பொருத்தி ஓட விட்டபோது, கம்ப்யூட்டர் ஓடவே இல்லை என்று நினைத்து நான் சுவிட்சைப் பார்த்தேன். மேடம் புடவைத் தலைப்பால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய நாள் கடைசிப் பக்கம் முடிந்தது. அவர் சொன்னது ஒன்றுதான்: “கொஞ்சம் சுடுதண்ணி குடுங்க.”

இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவே. ரேடியேட்டரையும் ஃபேனையும் தனித்தனியே தேர்ந்தெடுக்காதீர்கள். எவ்வளவு சத்தத்தைப் பொறுக்கலாம் என்று முதலில் அங்கே உட்காரப் போகிறவரைக் கேளுங்கள். ஃபேன் வேகத்தை அது முடிவு செய்யும். அந்த வேகத்தில் காற்று நுழையும்படியான ஃபின் இடைவெளியைப் பாருங்கள். கம்ப்யூட்டர் பெட்டி இடம் கொடுக்கும் அளவுக்குப் பெரிய ரேடியேட்டரை வாங்குங்கள். விலையைக் கடைசியில் பாருங்கள். கீதாவின் பணம் பிற்பாடு வேறொரு தலைப்பில் போய்ச் சேர்ந்தது. எந்தத் தலைப்பு என்று கேட்காதீர்கள்.

தலைமை அலுவலகம் இன்றுவரை பதில் போடவில்லை. நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். அந்த வருடம் சிகிச்சை முடிந்த வாரத்தில், மாணவர்கள் புத்தகம் முழுவதையும் கேட்டு முடித்தார்கள் என்று மேடத்துக்கு வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தேன். அவர் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வைகாசி போனது, ஆனி போனது.

பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பாதி குரல், பாதி காற்று. பின்னால் குக்கர் விசில், யாரோ கதவைச் சாத்தும் சத்தம். எங்கள் அறையில் அப்படி ஒரு பதிவை ஏற்றிருக்கவே மாட்டோம். நான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

“நல்லாருக்கேனுங்க சார். அடுத்த புத்தகம் என்னங்க?”

அன்று ஆடிப்பெருக்கு.