செட்டில் ஆக மூன்று ஏலக்காய்

இந்த ஊரில் பனிகூட செட்டில் ஆகிறது. இங்கிலாந்தில் இந்த லீட்ஸுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் வானொலியில் அப்படித்தான் சொன்னார்கள்: இன்று பனி பெய்யும், ஆனால் செட்டில் ஆகாது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் போடிநாயக்கனூரில் செட்டில் ஆவது மனுசர்கள் மட்டும்தான். வேலை கிடைத்தால் பாதி செட்டில், கல்யாணம் முடிந்தால் முக்கால், மாடி வைத்து வீடு கட்டினால் முழுசு. இங்கேயோ கலங்கிய வயிறு செட்டில் ஆகும், அழுகிற பிள்ளை செட்டில் ஆகும். அகராதியைப் புரட்டினால் இன்னும் வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் ‘செட்ல்’ என்றால் இருக்கையாம். ஓர் ஆளை உட்கார வைப்பதுதான் இந்த வினைச்சொல்லின் பூர்வீகம். அட, இவ்வளவுதானா!

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் என் அத்தா, அதாவது அப்பா, போனை எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். “ஏம்மா, செட்டில் ஆயிட்டியா?” “ஆயிக்கிட்டே இருக்கேன்த்தா” என்று ஒப்பேற்றிவிடுவேன்.

போன திங்கட்கிழமை என் மகள் ஹனாவை மூன்றாவது தடவையாக நர்சரியில் விட்டேன். முந்தைய இரண்டு தடவையும் ஊரைக் கூட்டி அழுது, கையோடு திரும்பி வந்துவிட்டாள். எனக்கோ மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை கிடைத்திருந்தது. இந்தத் தடவையும் இவள் இருக்கமாட்டேன் என்றால் வேலைக்கு முழுக்குப் போட வேண்டியதுதான். கிளம்பும்போது, யோசிக்கக்கூட இல்லை, அவள் கோட்டுப் பையில் மூன்று ஏலக்காயைப் போட்டுவிட்டேன்.

அது எங்கள் வீட்டுப் பழக்கம். குரங்கணிக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு ஜீப்பில் ஏறுவோம். ஒவ்வொரு வளைவிலும் குடல் புரண்டு தொண்டைக்கு வரும். அத்தா முன்சீட்டிலிருந்து ஓர் ஏலக்காயை நீட்டுவார். “வாயில அதக்கிக்க, முழுங்கிராத. வெரசா போயிருவோம்.” நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு ஏற்றபடி சாய்ந்து சாய்ந்து, காரத்தை உறிஞ்சிக்கொண்டே போவேன். அதிலிருந்து புது இடத்துக்கு யார் கிளம்பினாலும் எங்கள் வீட்டில் பையில் ஏலக்காய் விழும்.

நர்சரி வாசலில் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். போன் அடித்தது. ஹனாவின் ஆசிரியை க்ளேர்! போச்சு, வேலை போச்சு.

“ஹனாவின் பையில் பச்சையாக ஏதோ காய்கள் இருந்தன. மருந்தா?”

“இல்லை, ஏலக்காய். ஜீப்பில் போகும்போது வாந்தி வராமல் இருக்க.”

“ஹனா ஜீப்பிலா வந்தாள்?”

“இல்லை, நடந்துதான் வந்தாள்.”

க்ளேர் பொறுமையாகச் சொன்னார்: சின்னக் காய்கள் பிள்ளைகளின் தொண்டையில் சிக்கும், இனி கொடுத்தனுப்ப வேண்டாம். சரி சரி என்று மன்னிப்புக் கேட்டேன்.

“இன்னொன்று. ஹனா அதை உள்ளங்கையில் தேய்த்து, முகர்ந்து பார்த்து, தரையில் வீசி எறிந்தாள். ஏன்?”

யா அல்லாஹ்! ஏலக்காயை ஏலம் விடும் மண்டபத்தில் சாம்பிள் தட்டு வந்ததும் எங்கள் ஊர் வியாபாரிகள் செய்வது அதுதான். அள்ளுவார்கள், பார்ப்பார்கள், முகர்வார்கள், தரையில் விசிறிவிடுவார்கள். வீடியோ காலில் அத்தா அதையே செய்துகாட்டி பேத்தியைச் சிரிக்க வைப்பார். கழுதை, அதை அப்படியே பிடித்திருக்கிறாள்!

“அழுகிறாளா?” என்றேன்.

“அழுகையா? எல்லாப் பிள்ளைகளும் அவளைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். காய்களை நான் வாங்கி வைத்த பிறகு இலைகளை வைத்து ஆரம்பித்துவிட்டார்கள். தரையெல்லாம் குப்பை. ஷீ ஹாஸ் செட்டில்ட்.”

நடுரோடு என்றும் பார்க்காமல் குதித்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார். உடனே அத்தாவுக்கு அடித்தேன்.

“அத்தா, ஹனா செட்டில் ஆயிட்டா! எனக்கு வேலை உறுதி!”

“அல்ஹம்துலில்லாஹ்! எம் பேத்தியாச்சே!” என்று கடையே அதிரச் சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. “நீயி?”

“பஸ்சு வந்துருச்சுத்தா, அப்புறம் பேசுறேன்.”

பஸ் உண்மையாகவே வந்திருந்தது. சன்னலோரம் காலியாக ஓர் இருக்கை. உட்கார்ந்தேன். அகராதி சொன்னபடி பார்த்தால் நானும் செட்டில்தான். என் கோட்டுப் பையில் கைவிட்டால் ஓர் ஏலக்காய் கிடந்தது, வாயில் அதக்கிக்கொண்டேன். பஸ் நேரான சாலையில் அலுங்காமல் போனது. நான் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, வராத வளைவுக்காகச் சாய்ந்துகொண்டிருந்தேன்.