கடைசி வரிசைப் பெண்

மலேசியாவில், பெட்டாலிங் ஜெயாவில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டே இளங்கலை மாணவர்களுக்கு டுட்டோரியல் எடுத்தேன். என்னைப் போன்ற புதியவர்கள் ஒருவர் வகுப்பில் இன்னொருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. எனக்கு வாய்த்தவர் தமிழ்நாட்டிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்திருந்த பெண். ஒல்லியான உருவம், ஏசி குளிருக்கு ஆண்கள் சட்டை. கடைசி வரிசையிலிருந்து என்னைப் பார்க்காமல் மாணவர்களையே பார்ப்பார்.

வகுப்பு முடிந்ததும் கேட்டேன். "எப்படிக்கா இருந்துச்சு?"

"நல்லா பேசுறீங்க. ஆனா கேள்வி கேட்டுட்டு பதிலையும் நீங்களே சொல்லிடுறீங்க."

"அவங்க வாயத் தொறக்க மாட்டாங்க லா."

"தொறக்குறதுக்குள்ள நீங்க பயந்துடுறீங்க."

கோபத்தில் இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. மூன்றாவது வாரம் கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நின்றேன். அதுவரை பேசியே இராத ஒரு மாணவி, மலாயும் ஆங்கிலமும் கலந்து, நான் வைத்திருந்ததைவிட நல்ல பதில் சொன்னாள்.

அதைச் சொல்ல அவர் அறைக்கு ஓடினேன். விசா முடிந்து முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டாராம். அவருடைய மலேசியக் கைபேசி எண்ணும் அதோடு நின்றுபோனது.

கோலாலம்பூரில் தமிழர் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகும்போது தமிழ்நாட்டுப் பேச்சு காதில் விழுந்தால் இன்றும் திரும்பிப் பார்க்கிறேன்.