கூட்டத்தைக் கலைத்த கேமராக்காரன்

டிவி சேனலில் அவனுக்கு வைத்த பெயர் கடல். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. குட்டையைக் கடலாக்கிக் காட்டும் கேமராக்காரன் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மந்திரமெல்லாம் ஒன்றுமில்லை. மேடை ஓரத்தில், முன்வரிசைத் தலைகளின் மட்டத்துக்குக் கேமராவை இறக்கி வைப்பான். லென்ஸை நீட்டினால் தூரத்தில் நிற்பவன் முன்னால் நிற்பவனின் முதுகில் வந்து ஒட்டிக்கொள்வான். நடுவில் கிடக்கும் வெற்றிடம் காணாமல் போய்விடும். நாலு பேர் கையில் கொடியைக் கொடுத்து எதிரே நின்று ஆட்டச் சொல்வான். ஓரத்தையும் பின்பக்கத்தையும் மட்டும் தலைபோனாலும் காட்டமாட்டான். மிச்சத்தை ஸ்டூடியோவில் செய்தி வாசிக்கும் பெண் பார்த்துக்கொள்வாள்.

அன்றைய பொதுக்கூட்டத்துக்கும் அப்படித்தான் கடையை விரித்திருந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் மரத்தடிக்குப் போய்விட்டார்கள். வாடகை நாற்காலிகள் பிரிக்காமல் அடுக்கியபடியே கிடந்தன. ஹெட்போனில் அந்தப் பெண் மூச்சுவிடாமல் பொழிந்துகொண்டிருந்தாள்: “திரும்பிய பக்கமெல்லாம் மக்கள் கடல். மைதானத்தைச் சுற்றியுள்ள சாலைகள் அனைத்தும் ஸ்தம்பித்துவிட்டன.”

அப்போதுதான் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மாமியார்.

“மாப்ள, வலி வந்துடுச்சு. பனிக்குடமும் உடைஞ்சிடுச்சு.”

மூத்தவள் பிறந்தபோது மனைவிக்கு ரத்தப்போக்கு நிற்காமல் உயிர் ஊசலாடியது. இந்த முறை டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்: வலி எடுத்ததும் கிளம்பிவிடவேண்டும், வீட்டிலோ வழியிலோ பிறந்தால் காப்பாற்றுவது கஷ்டம். இரண்டாவது பிரசவம் யாருக்கும் சாவகாசம் கொடுப்பதில்லை.

“ஆம்புலன்ஸுக்குச் சொன்னீங்களா அத்தை?”

“சொல்லாம இருப்பேனா? மைதானத்து ரோட்ல வரமுடியாதாம், ரயில்வே கேட்டைச் சுத்தித்தான் வருவானாம். ‘டிவில பாத்தேன், கால் வைக்க எடமில்ல’ங்கறான். நானும் பாத்தேன் மாப்ள. உங்க சேனல்தான்.”

ஆஸ்பத்திரி மைதானத்துக்கு ஒரு பக்கம், வீடு மறுபக்கம். நேர் ரோட்டில் வந்தால் நாலு திருப்பம்தான். கேட்டைச் சுற்றினால், கேட் மூடியிருந்தால், அங்கேயே பிள்ளை பிறந்து நடக்கவும் தொடங்கிவிடும். அவன் மாமியாரிடம் எண்ணை வாங்கி ஆம்புலன்ஸ் டிரைவரைப் போனில் பிடித்தான்.

“அண்ணே, நேரா வாங்க. ரோடு காலியா கெடக்கு.”

“யார் சார் பேசறது?”

“அந்தம்மாவோட மாப்பிள்ளை. மைதானத்துலதான் நிக்கறேன்.”

“நான் ஆஸ்பத்திரி டிவி முன்னால நிக்கறேன். எறும்பு நுழைய எடமில்ல.”

“அதை எடுக்கறதே நான்தாண்ணே.”

“அப்ப உங்களுக்கே தெரியுமே. உள்ள மாட்டுனா பின்னால எடுக்கவும் முடியாது. புள்ளத்தாச்சிய வெச்சுக்கிட்டு அந்த வேலைய நான் பண்ண மாட்டேன் சார்.”

அந்த மனுஷனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் நம்பினான்.

“அண்ணே, போனை வைக்காதீங்க. டிவிலேர்ந்து கண்ணையும் எடுக்காதீங்க.”

மேடையில் தலைவர் மைக்கைத் தட்டிப் பேசத் தொடங்கியிருந்தார். கடல் ஸ்டாண்டின் கால்களை இழுத்துக் கேமராவைத் தலைக்கு மேலே உயர்த்தினான். அடுக்கிக் கிடந்த நாற்காலிகள்மேல் ஏறி நின்றுகொண்டான். லென்ஸை ஒரேயடியாகப் பின்னால் இழுத்தான். அத்தனை நெருக்கமாக நின்ற தலைகளெல்லாம் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடின. கொடி ஆட்டிய நாலு பேர், அவர்களுக்குப் பின்னால் கட்டாந்தரை, மரத்தடியில் செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தவர்கள் என்று எல்லாம் வந்தது. அப்படியே கேமராவை ரோட்டுப் பக்கம் திருப்பி நிறுத்தினான்.

ஹெட்போனில் செய்தி ஆசிரியர் அலறினார். “டேய் கடல், எங்கடா போற? உள்ள போ. டைட்டா போ.”

அங்கே இருந்தது அந்த ஒரு கேமராதான். நேரலையை வெட்டினால் தலைவரின் பேச்சையும் வெட்டவேண்டும். அந்தத் தைரியம் யாருக்கும் வராது என்று அவனுக்குத் தெரியும். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

“என்ன சார் இது,” என்றார் போனில் டிரைவர். “நடு ரோட்ல நாய் படுத்திருக்கு.”

“அந்த ரோடுதாண்ணே.”

“வந்துட்டேன்.”

சைரன் சத்தம் காதில் விழுந்தது. வெள்ளை வண்டி வளைவில் தெரிந்தது, பெரிதானது, எதிரே சீறிக்கொண்டு வீட்டுப் பக்கம் போனது. கைகள் தாமாகவே கேமராவை அதன் பின்னால் ஓட்டின. கழுத்தில் கிடந்த ஹெட்போன் உணர்ச்சியில் தழுதழுத்தது: “ஓர் உயிரைக் காக்க, லட்சக்கணக்கான மக்கள் இரண்டாகப் பிளந்து வழிவிடும் காட்சியை நேரலையில் பார்க்கிறீர்கள்.”

எழுந்து வழிவிட்டது அந்த நாய் ஒன்றுதான்.

வண்டி திரும்பி வரும் சத்தம் கேட்டதும் நாற்காலியிலிருந்து குதித்து ஓடி, நடு ரோட்டில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான்.

“ஏறுங்க சார்,” என்றார் டிரைவர். “ஆமா, உங்க கூட்டத்தை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?”

உள்ளே மனைவி இடப்பக்கமாகப் படுத்திருந்தாள். மாமியார் அவள் இடுப்பை அழுத்திப் பிடித்திருந்தார். “முக்காதடி. ஊது. வாயால ஊது.”

ஊதுவதற்கு நடுவே அவள் கேட்டாள். “கேமரா எங்க?”

“அங்கயே இருக்கு.”

“யார் பாத்துக்கறா?”

“தலைவர் பாத்துப்பாரு. நீ ஊது.”

பிரசவ அறைக் கதவு மூடிய சூட்டோடு பிள்ளை அழும் சத்தம் வந்தது. பின்னாலேயே, எல்லோரும் பயந்ததுபோலவே, ரத்தமும் வந்தது. ஊசி தயாராக இருந்தது, வயிற்றை அழுத்திப் பிசையப் பழகிய கைகளும் இருந்தன. ரத்தம் நின்றுவிட்டது. வெளியே வந்த டாக்டர், “நீங்க மட்டும் கேட்டைச் சுத்தி வந்திருந்தா” என்று ஆரம்பித்தவர், மாமியார் முகத்தைப் பார்த்துவிட்டு, “பையன்” என்று முடித்துக்கொண்டார்.

செய்தி ஆசிரியரின் போன் வந்தபோது வேலை போயிற்று என்றே எடுத்தான்.

“எங்கடா போய்த் தொலஞ்ச? அந்த ஆம்புலன்ஸ் சீன் பிச்சுக்கிட்டு போகுது. கட்சிலேர்ந்து பாராட்டறாங்க. அடுத்த கூட்டத்துக்கும் நீதான் வேணுமாம். ஆம்புலன்ஸ் நாமளே ஏற்பாடு பண்ணிக்கலாம்.”

“அந்த வண்டி என் சம்சாரத்துக்காக வந்தது சார்.”

“அப்ப இன்னும் நல்ல ஸ்டோரிடா.”

“கூட்டத்துக்கு வேற ஆளைப் போடுங்க சார். நான் விளையாட்டுப் பக்கம் போயிடறேன். அங்க பந்து எங்க இருக்கோ அங்கதான் காட்டணும்.”

உள்ளே விட்டார்கள். பையன் துணிச்சுருளுக்குள் உள்ளங்கை அகல முகத்தோடு தூங்கினான். பழக்கதோஷத்தில் போனை அவன் மூக்கருகே கொண்டுபோய் ஒரு படம் எடுத்தான். திரையில் கன்னம் இரண்டும் பூசணிக்காய்போல் உப்பியிருந்தன. மாமியார் எட்டிப் பார்த்தார்.

“இதை அனுப்பினா நாலு கிலோவான்னு கேப்பாங்க மாப்ள. புள்ள எடை கம்மி. தள்ளி நின்னு எடுங்க.”

முதுகு சுவரில் இடிக்கும்வரை பின்னால் போனான். கட்டில், ஃபிளாஸ்க், சலைன் பாட்டில், மாமியாரின் செருப்பு, அயர்ந்து கிடக்கும் மனைவி எல்லாம் வந்தன. பிள்ளை எங்கே என்று கொஞ்சம் தேடத்தான் வேண்டியிருந்தது. அந்தப் படத்தையே எல்லோருக்கும் அனுப்பினான்.