ஐஸ் பெட்டிக்குப் போன இன்சுலின்

எங்கள் தெருவில் முதல் பிரிஜ் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. எண்ணூரில் பிரிஜ் வாங்கினால் கூடவே ஒரு கெட்ட பெயரும் வரும், பழைய மீன் தின்கிறவர்கள் என்று. கழிமுகத்தில் எறா என்கிற இறால் துள்ளிக்கொண்டிருக்கும்போது மீனைப் பெட்டிக்குள் வைக்கிற குடும்பம் என்ன குடும்பம்? அந்த அவமானத்துக்குப் பயந்து என் மாமியார் பிரிஜ் பக்கம் மீன் வாசனையே அண்ட விடவில்லை. உள்ளே இருந்தது இட்லி மாவு, தண்ணீர் பாட்டில், கதவுத் தட்டில் இரண்டு இன்சுலின் குப்பிகள். ஒன்று மாமியாருடையது, இன்னொன்று எதிர்வீட்டு மீன்கார அக்காவுடையது.

அக்கா காலையும் மாலையும் ஊசி போட்டுக்கொள்ள எங்கள் வீட்டுக்கு வருவாள். கூடவே சண்டையும் வரும்.

"இன்னா பெரீம்மா, நேத்து பாயசம் துன்னியாமே?"

"நீ மட்டும் யோக்கியமா? டீக்கடைல பன்னு துன்னுகினு இருந்தத நான் பாக்கல?"

இரண்டு பேரும் சொன்னது உண்மை. சண்டை முடிந்ததும் ஆளுக்கொரு ஊசியைப் போட்டுக்கொண்டு, அடுத்த வேளைக்குத் தயாராகிவிடுவார்கள்.

அந்த வருடம் புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள். "அவனுங்க வருசா வருசம் ஏத்துவானுங்க" என்று மாமியார் துணியைக் காயப்போட்டார். என் கணவருக்கு அனல் மின் நிலையத்தில் வேலை. அன்று ஷிப்டுக்குப் போனவரால் திரும்ப முடியவில்லை. அந்தப் புகைபோக்கி எங்கள் மாடியிலிருந்தே தெரியும். ஆனால் அங்கே பிறக்கிற கரண்டுக்கு எங்கள் தெருவுக்கு வழி தெரியாது. சாதாரண நாளிலேயே அந்த லட்சணம் என்றால் புயலில் கேட்கவா வேண்டும்? விடிவதற்குள் கம்பங்கள் எல்லாம் படுத்துவிட்டன. கடற்கரைச் சாலையைக் கடல் தின்றுவிட்டது. பஸ் நின்றது. தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர்.

மத்தியானத்துக்குள் பிரிஜ்ஜில் மாவு பொங்கி வழிந்தது. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள்.

"நம்மகிட்ட ஐஸ் பொட்டி கீது. எறாவையே கெடாம வெச்சுகினு கீறேன், இந்தத் தம்மாத்தூண்டு மருந்தா கெட்டுடும்? ரெண்டையும் குடு."

"எம் மருந்து உன் எறா நாத்தத்துல கெடக்கணுமா? உன்னுத மட்டும் எடுத்துகினு போ" என்றார் மாமியார். தன் குப்பியை ஈரத்துணியில் சுற்றி, ஒரு சின்ன மண்சட்டியில் போட்டு, அடுப்பங்கரை மூலையில் வைத்தார். அதில் மருத்துவ அறிவெல்லாம் ஒன்றும் கிடையாது. சுத்த வீம்பு.

அக்கா அவள் குப்பியை ராஜ மரியாதையோடு வைத்திருக்கிறாள். கம்பெனிக்குப் போகிற பெரிய எறாவுக்குச் செய்வதுபோல ஐஸை உடைத்து, உப்புத் தூவி, குப்பியை நடுவில் புதைத்து, மேலே ஈரச் சாக்கு. சாயங்காலம் ஊசிக்கு எடுத்தபோது மருந்து கல்லாகியிருந்தது. உள்ளங்கையில் வைத்து உருக்கி, தண்ணீரில் நடந்து மெடிக்கலுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். கடைக்காரர் குலுக்கிப் பார்த்தார். துகள் துகளாக மிதந்தது.

"ஒறஞ்சுபோனது வேலைக்கு ஆவாதும்மா, போட்டுக்காத. எங்கிட்டயும் ஸ்டாக் இல்ல. சரக்கு டவுன்லேர்ந்து வரணும். ரோடே இல்ல, வண்டி எங்கேர்ந்து வரும்?"

இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. மாமியார் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் சண்டைக்கு ஆள் வராததால், "கடலு அவ வூட்டத் தூக்கிகினு போய்ச்சான்னு பாத்துட்டு வா" என்று என்னை அனுப்பினார்.

அக்கா படுத்துக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, "கெய்விகிட்ட சொல்லிடாத, சிரிப்பா" என்றாள்.

சொன்னேன். மாமியார் சிரிக்கத்தான் செய்தார். "உப்பு வேற போட்டாளா? அப்பிடியே ஊறுகா போட்ருக்கலாமே!" சிரித்துக்கொண்டே சட்டியிலிருந்து தன் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

"அத்தே, அது உங்களுக்கே காணாது" என்றேன். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

"அதுக்கு?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். முழங்கால் வலி என்று தெருக்குழாய்வரைகூடப் போகாத மனுஷி.

அக்கா கையை நீட்டவில்லை. "வாணாம் பெரீம்மா. அப்பால உனுக்கு இன்னா பண்ணுவ?"

"எனுக்கு எம்புள்ள கீறான். உனுக்கு யாரு கீறா, உன் எறாவா? கைய நீட்டுடி."

அக்காவின் ஊசியிலேயே அவள் அளவுக்கு ஏற்றி, திட்டிக்கொண்டே போட்டுவிட்டார். அதன் பிறகு வேளை தவறாமல் அவரே போனார். போகும்போது புயலைத் திட்டினார், வரும்போது அக்காவைத் திட்டினார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, அவர் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது.

கடைசி மருந்து ஒரு காலையில் தீர்ந்தது. முதலில் அக்காவுக்கு முழுசாக எடுத்தார். பிறகு தன் ஊசிக்காகக் குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்து இழுத்தார். வந்தது பாதிகூட இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள், "எம்புள்ளகிட்ட சொல்லாத" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஊரே தண்ணில கீது, நீ வேறயா?" என்றார். மத்தியானம் அவரும் தண்ணீர் கேட்க ஆரம்பித்தார். நான் கொண்டுவந்து வைத்த செம்பு உடனுக்குடன் காலியானது.

பொழுது சாயும்போது என் கணவர் வந்தார். வேலையிலிருந்து விட்டதும் வீட்டுக்கு வராமல், அம்மாவின் மருந்து தீர்கிற கணக்கு மனதில் ஓட, திருவொற்றியூர்வரை நடந்திருக்கிறார். கடை கடையாக ஏறி, ஜெனரேட்டர் ஓடிய ஒரு மெடிக்கலில் வாங்கி, சாப்பாட்டு டப்பாவுக்குள் ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்திருந்தார். செருப்பு இல்லை, காலெல்லாம் கீறல். மூச்சு வாங்கிக்கொண்டே டப்பாவைத் திறந்து அம்மாவின் கையில் குப்பியை வைத்தார்.

மாமியார் குப்பியைப் பார்த்தார். டப்பாவை வாங்கி, துணியை உதறி, உள்ளே இன்னொரு தரம் பார்த்தார். பிறகு மகனை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"ஒண்ணுதான் வாங்கினு வந்தியா?"