பாயான் லெப்பாஸில் நான் ‘காலி’ என்று குறித்த இடம்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் பினாங்கு போய் இறங்கினேன். ஊர் சுற்றத்தான் என்று நினைத்துவிடாதீர்கள், வேலை. கோலாலம்பூரில் நில வரைபடம் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்தபின் சுற்றியுள்ள நிலம் எப்படி மாறியது என்று, ஆறு மாதமாகச் செயற்கைக்கோள் படங்களில் ஆண்டுவாரியாகக் குறித்துவந்தேன். பச்சை போய்க் கூரை வரும், கூரைக்குப் பக்கத்தில் சாலை, சாலைக்குப் பக்கத்தில் அடுக்குமாடி. எதிலும் சேராமல் மிஞ்சிய பதினேழு துண்டுகளைக் ‘காலி நிலம்’ என்று போட்டிருந்தேன். திங்கட்கிழமை அந்தப் பட்டியல் வாடிக்கையாளரிடம் போகும். கார் நிறுத்தக் கட்டடத்துக்கு அதிலிருந்துதான் இடம் தேர்ந்தெடுப்பார்கள். அதற்குமுன் நேரில் ஒரு நடை பார்த்துவிட்டு வா என்றார் மேலாளர்.

சூலியா தெருவில் அறை, ஓர் இரவுக்கு 85 வெள்ளி, அதாவது ரிங்கிட். மின்விசிறி கொஞ்சம் முனகும், மற்றபடி சுத்தம். அன்று காலை ஒன்பதுக்கு, முன்பே பேசிவைத்திருந்த வாடகைக் கார் ஓட்டுநர் குணா அண்ணே காடியோடு வந்தார். ஜெலுத்தோங்காரர், ஐம்பது வயதிருக்கும். நாள் முழுக்க 180 வெள்ளி. பேட்டைக்குப் பதினைந்து கிலோமீட்டர்தான், ஆனால் நெரிசலில் முக்கால் மணி நேரம் ஆனது.

வேலை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. செயற்கைக்கோள் இந்தத் தீவைக் கடப்பது பகல் பன்னிரண்டுக்குச் சற்றுமுன். நிழலும் வெளிச்சமும் படத்தோடு பொருந்தவேண்டுமே என்று, சந்தேகமான இடத்தை அதே நேரத்தில் பார்க்கத் திட்டம் போட்டிருந்தேன். அப்படித்தான் 11.40க்கு ஒன்பதாம் எண் இடத்தில் நின்றேன். தொழிற்சாலைகளின் பின்புறச் சாலையை ஒட்டி, பாதிக் கால்பந்துத் திடல் அளவுக்குச் சரளைத் தரை. ஒரு நாய், நல்ல வெயில், வேறொன்றும் இல்லை. ‘காலி, சரி’ என்று கைப்பேசியில் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

குணா அண்ணே வண்டியை எடுக்கவில்லை.

“தங்கச்சி, இதையா காலின்னு எழுதுறீங்க?”

“ஆமாண்ணே, ஏன்?”

“ஐயோ, நாலு மணிக்கு மேல வந்து பாருங்க லா. அப்புறம் எழுதுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. ஆறு மாதம் கண் வலிக்கப் பார்த்தவளுக்கே பாடமா? இருந்தாலும் மற்ற இடங்களை முடித்துக்கொண்டு 4.30க்குத் திரும்பினோம்.

அடேயப்பா! கால் வைக்க இடமில்லை. வேன்களின் பின்கதவுகள் திறந்து கிடக்க, வண்ணக் குடைகளுக்குக் கீழே தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், கரும்புச் சாறு, காலுறை, கைப்பேசி உறை எல்லாம் விற்கிறார்கள். வேலை முடிந்து வந்த பெண்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு வரிசையில் நிற்கிறார்கள். குணா அண்ணே என்னை நேராக ஒரு வடைக் கடைக்கு இழுத்துப்போனார்.

கடைக்காரர் சரசு அக்கா, டத்தோ கிராமாட்டில் வீடு. பன்னிரண்டு வருடம் இதே பேட்டையில் சிப் சோதிக்கும் வேலையில் இருந்தவர். ஆட்குறைப்பில் வெளியே வந்ததும் இங்கே எண்ணெய்ச் சட்டி வைத்தார். கூட வேலை பார்த்தவர்கள்தான் முதல் வாடிக்கை. இப்போது ஒன்பது வருடமாக இந்தக் கடையில்தான் குடும்பம் ஓடுகிறது.

நான் என்ன வேலையாக வந்தேன் என்று குணா அண்ணே போட்டுடைத்துவிட்டார்.

“மேலருந்து படம் எடுக்குறாங்களா? என் கடை தெரியுதா அதுல?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “இல்லக்கா. காலி இடம்னு போட்டிருக்கேன். கார் பார்க் கட்ட இதைக் கேட்டாலும் கேப்பாங்க.”

அக்காவின் கரண்டி நின்றது. “பன்னெண்டு மணிக்கு நான் வீட்ல பருப்பு ஊறவச்சிக்கிட்டு இருப்பேன். அந்நேரம் வந்து பாத்தா கடை எங்கம்மா தெரியும்? லைசன்ஸ் எல்லாம் இருக்கு. இத எடுத்துட்டா நாங்க எங்க போறது?”

வெட்கமாகப் போய்விட்டது. படத்தைச் சரிபார்க்க வந்தவள், படம் எடுத்த அதே நேரத்தில் போய் நின்று அது சொன்னதையே திருப்பிச் சொல்லியிருக்கிறேன். அங்கிருந்தே மேலாளரை அழைத்து, ஒன்பதாம் எண் இடம் காலி இல்லை என்றேன்.

“படத்துல ஒண்ணுமே இல்லையேம்மா?”

“நான் இருக்கேன் சார். கையில வடையோட.”

சிரித்துவிட்டார். பிறகு, பதினேழு இடங்களையும் மாலையில் இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். வெள்ளி, சனி இரண்டு நாளும் அலைந்தேன். தொழிலாளர் பேருந்துகள் காத்திருக்கும் இடம் ஒன்று, பிள்ளைகள் பந்தாடும் இடம் ஒன்று, இந்தச் சந்தை என மூன்று துண்டுகள் பட்டியலிலிருந்து வெளியே வந்தன. வாடிக்கையாளர் வேறு துண்டைத் தேர்ந்தெடுத்ததாகப் போன வாரம் தகவல் வந்தது. பேட்டை நிலத்தை விழுங்குவதைத்தான் இவ்வளவு நாளும் வண்ணம் வண்ணமாகக் குறித்தேன். மிஞ்சிய துண்டில் அங்கே வேலை பார்த்தவர்களே ஒரு சந்தையை உண்டாக்கியிருக்கிறார்கள். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

போக நினைப்பவர்களுக்கு: ஜெட்டி எனப்படும் படகுத்துறையிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும். எனக்கு 2.70 வெள்ளி ஆனது. மீதி தரமாட்டார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். குடை அவசியம். நாலுக்குமுன் போனால் நாயைத்தான் பார்ப்பீர்கள், ஏழுக்குமேல் வடை இருக்காது. புதன்கிழமை மட்டும் போகாதீர்கள். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், சனிக்கிழமை மாலை திருத்திய படிவத்தைச் சரசு அக்காவிடம் காட்டினேன். நிலப் பயன்பாடு: மாலைச் சந்தை, நான்கு முதல் எட்டு வரை. கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை வாங்கி, இரண்டு தரம் படித்தார்.

“புதன் கடை லீவுன்னு போடலியே? போட்டுடும்மா. பாவம், யாராச்சும் வந்து ஏமாந்துடப் போறாங்க.”

போட்டுவிட்டேன். வாடிக்கையாளருக்குப் போன அறிக்கையில், ஒன்பதாம் எண் இடத்துக்கு நேராக, அதுவும் இருக்கிறது.