பதினேழாம் நம்பர் கேமரா

என் அக்கா புருஷனை இரண்டு தடவை பிடித்துப் போனார்கள். இரண்டு தடவையும் பேப்பரில் மூன்று வரி வந்தது. 'அரசு உபகரணத்தைத் தவறாகப் பயன்படுத்திய ஒப்பந்தத் தொழிலாளி கைது.' எங்கள் தெருவில் அப்படி யாரும் கிடையாது. இங்கே அவர் ஏணி. போஸ்ட்மேன்கூட "ஏணி வீட்டுக்கு ஒரு கடிதாசு" என்றுதான் கூப்பிடுவார். மூன்று வரியில் ஒரு மனுஷனை முடித்துவிட்டார்களே என்று எனக்கு வயிறு எரிகிறது. அதனால் மீதியை நான் எழுதுகிறேன். நான் தையல்காரி. எழுத்து கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபத்தைந்து வருஷமாக அவர் தோளில் ஓர் அலுமினிய ஏணி. முதலில் டிவி ஆன்டெனா கட்டினார். அப்புறம் டிஷ். அப்புறம் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத்தில் சேர்ந்து கடைகளுக்குக் கேமரா. ஏணி அதேதான், மேலே கொண்டுபோகிற சாமான்தான் மாறியது. மற்றபடி பெரிய வீரர் ஒன்றும் இல்லை. பல்லியைக் கண்டால் நாலாவது படியிலிருந்து குதித்துவிடுவார். அக்கா குரலை உயர்த்தினால் சட்டைப் பட்டனைச் சரிபார்த்துக்கொண்டு நிற்பார். என்னை மட்டும் 'ஊசி' என்பார். நான் வாயைத் திறந்தாலே குத்துமாம். "குத்தினாத்தானே மாமா தையல் நிக்கும்" என்பேன்.

தொழிலில் மட்டும் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கேமரா மாட்டியதும் கடைக்காரருக்குப் படத்தைக் காட்டுவதோடு விடமாட்டார். அந்தப் படத்தில் வேறு யார் வீட்டு வாசலோ ஜன்னலோ விழுந்தால், அந்தக் கதவைத் தட்டி, அவர்களையும் கூட்டிவந்து காட்டுவார். "இதுல உங்க வீடு இவ்வளவு தெரியுது. பரவாயில்லையா?" ஒருமுறை மருந்துக்கடைக்கு மாட்டினபோது எதிர்வீட்டு அடுப்படி முழுசாகத் தெரிந்தது. அந்த வீட்டம்மா கரண்டியும் கையுமாக வந்து மருந்துக்கடைக்காரரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். கேமரா நாலு விரற்கடை திரும்பியது. கடைக்காரர் அதற்கப்புறம் மாமாவைக் கூப்பிடவே இல்லை.

"உங்களுக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்று கேட்டேன்.

"பார்க்கிறவனுக்கு மட்டும் தெரிஞ்சா அது வேவு, ஊசி. பார்க்கப்படுறவங்களுக்கும் தெரிஞ்சாத்தான் காவல்" என்றார். பெரிய தத்துவம் சொல்லிவிட்ட மாதிரி மூக்கை வேறு தேய்த்துக்கொண்டார்.

போர் தொடங்கி இரண்டாவது வருஷம் அது. அக்கா மகன் எல்லையில் இருந்தான். இருபத்தொரு வயது. வாரம் ஒருமுறை போன் பண்ணுவான். "சித்தி, யூனிஃபார்ம் இடுப்புல நிக்கவே மாட்டேங்குது, நீ தைச்சா நல்லா இருக்கும்" என்பான். ஒரு வாரம் போன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாம் மாதம் ஒரு கடிதம் வந்தது: 'தங்கள் மகன் தற்போது தொடர்பில் இல்லை.' செத்தானா, பிடிபட்டானா, ஓடினானா, ஒரு சொல் இல்லை. அக்கா ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். எல்லா ஜன்னலிலும் அதே பதில். "அவன் என்ன செல்போனா சார், தொடர்பில் இல்லைன்னு சொல்றதுக்கு?" என்று ஓர் அதிகாரியைக் கேட்டாள். அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

அப்படி அலைந்ததில், அதே கடிதம் வந்த பதினொரு அம்மாக்கள் அவளுக்குப் பழக்கமானார்கள். கூட்டம் கூடத் தடை இருந்த நேரம். அதனால் வியாழக்கிழமை மத்தியானங்களில் என் கடை மாடியில் கூடினார்கள், ஆளுக்கொரு கிழிந்த துணியோடு. யாராவது கேட்டால், தைக்கக் கொடுக்க வந்தோம். ஆறு வாரமாக அந்தத் துணிகளில் நான் ஒரு தையல்கூடப் போடவில்லை. மாடியில் உட்கார்ந்து மனு எழுதுவார்கள், அழுவார்கள், மந்திரியைத் திட்டுவார்கள். திட்டுவதில் பேக்கரிக்காரம்மாவை மிஞ்ச ஆளில்லை. எனக்கே புதுப்புது வார்த்தைகள் கிடைத்தன.

அப்போதுதான் எங்கள் தெருவுக்கு அரசாங்கக் கேமரா வந்தது. முப்பது அடிக்கு ஒன்று, மொத்தம் நாற்பது. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு ஸ்பீக்கர். எதிரி உளவாளிகளைப் பிடிக்கவாம். என் தையல் மெஷின் எத்தனை சொட்டு எண்ணெய் குடிக்கிறது என்பதைத் தவிர இந்தத் தெருவில் உளவு பார்க்க ஒன்றுமில்லை. மாட்டுகிற வேலை மாமா வேலை பார்த்த கம்பெனிக்கே வந்து சேர்ந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வெட்கமா இல்லையா மாமா? பெத்த பிள்ளை எங்கேன்னு சொல்லாதவனுக்குக் கண்ணு மாட்டிக் குடுக்கப் போறீங்களா?"

"நான் மாட்டலேன்னா வேற ஒருத்தன் மாட்டுவான். அவன் யாருக்கும் காட்டமாட்டான்."

"நல்ல சாக்கு."

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். அன்றைக்கு நான் பேசியது அதிகம்தான். ஆனால் தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை.

மாட்டினார். தன் வழக்கத்தையும் விடவில்லை. சோதித்துப் பார்ப்பதற்கு அவரிடம் ஒரு டேப்லெட் கொடுத்திருந்தார்கள். கன்ட்ரோல் ரூமில் இருப்பவர்கள் பார்ப்பது அதிலும் அப்படியே தெரியும். ஒவ்வொரு கேமராவை மாட்டி இறங்கியதும், அதில் விழுகிற வீடுகளைத் தட்டிக் காட்டினார். முதல் நாள் தெருவே சிரித்தது. ரிட்டயரான கிளார்க் ஐயா தலை வாரிக்கொண்டு வந்து நின்றார். அவர் முகத்தைச் சுற்றி ஒரு கட்டம் விழுந்தது, பக்கத்தில் வயது, வேலை, விலாசம் எல்லாம் ஓடியது. பச்சைக் கட்டம் தெருக்காரர், மஞ்சள் வெளியாள், சிவப்பு என்றால் கண்காணிக்க வேண்டியவர். கிளார்க் ஐயாவுக்குச் சிவப்பு. விலைவாசியைப் பற்றிப் பேப்பருக்கு ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார், அதற்கு. அதற்கப்புறம் யாரும் தலை வாரிக்கொண்டு வரவில்லை.

பதினேழாம் நம்பர் என் கடைக்கு நேர் எதிர்க் கம்பத்தில். ஆள் நகர்ந்தால் கூடவே திரும்புகிற ரகம். அதற்கு மட்டும் சூப்பர்வைசரே நேரில் வந்து, மாடி ஜன்னலைப் பார்த்து வைக்கச் சொன்னார். வியாழக்கிழமை மத்தியானம். மாடியில் அம்மாக்கள் எல்லோரும் இருந்தார்கள். மாமா மாட்டி இறங்கி, டேப்லெட்டை எடுத்துக்கொண்டு என் கடைப் படியை நோக்கி வந்தார். நான் ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எங்கேய்யா போற?"

"காட்டிட்டு வந்துடறேன் சார்."

"இதைக் காட்ட வேண்டாம். இது ஸ்பெஷல்."

"சார், அது பொம்பளைங்க அளவு குடுக்கிற ரூம். துணி மாத்துவாங்க."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் காட்டணும்கிறேன்."

"உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

பல்லிக்குப் பயப்படுகிற மனுஷன் ஒரு நிமிஷம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம், "டேப்லெட் உங்களோடது சார். காட்டிட்டுத் திருப்பித் தந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் படியேறினார். சூப்பர்வைசர் போனை எடுத்தார்.

மாடியில் எல்லோருக்கும் சிவப்பு. எனக்கும்தான். அக்கா தன் கட்டத்தை விரலால் தட்டிக் காட்டினாள்.

"மாட்டிப் பத்து நிமிஷம் ஆகல, அதுக்குள்ள நமக்குச் சிவப்பு. அப்போ முன்னாடியே எல்லாம் தெரிஞ்சிருக்கு. அப்புறம் எதுக்கு இந்தக் கிழிசலை மடியில வெச்சுக்கிட்டு ஒளிஞ்சு உட்காரணும்? வாங்க, கீழே போய் அது மூஞ்சிக்கு நேராவே நிப்போம்."

எல்லோரும் இறங்கினார்கள். கேமராவும் கூடவே தலையைக் குனிந்தது. பேக்கரிக்காரம்மா மகன் போட்டோவை எப்போதும் கைப்பையில் வைத்திருப்பவர். அதை எடுத்துக் கேமராவைப் பார்த்து ஆட்டினார். "எல்லார் மூஞ்சியும் தெரியுதுல்ல உனக்கு? இந்த மூஞ்சி எங்கேன்னு சொல்லுடா!"

"ஊசி, இங்க வா" என்றார் மாமா.

டேப்லெட்டில் பேக்கரிக்காரம்மா முகத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. கையிலிருந்த போட்டோவுக்கும் ஒரு கட்டம் விழுந்திருந்தது. மெஷினுக்கு ஆளும் ஒன்றுதான், காகிதமும் ஒன்றுதான் போலிருக்கிறது. போட்டோவின் கட்டம் சாம்பல் நிறம். பக்கத்தில் பையனின் படை எண், 'மரணம், பதிவு முடிந்தது' என்ற வரி, ஒரு தேதி. தேதி ஐந்து மாதம் முந்தையது. 'தொடர்பில் இல்லை' என்ற கடிதம் அந்தம்மாவுக்கு வந்தது இரண்டு மாதம் முன்புதான்.

காட்டுவதா வேண்டாமா என்று நான் தவித்தேன். மாமா டேப்லெட்டை இரண்டு கையாலும் பிடித்து அவரிடம் கொண்டுபோனார். "மன்னிச்சுக்குங்கம்மா. இது உங்களுக்குத் தெரிய வேண்டியது."

பேக்கரிக்காரம்மா படித்தார். அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்தக் கம்பத்தை வேரோடு பிடுங்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. தெரிந்துகொண்டே ஒரு தாயை ஜன்னல் ஜன்னலாக அலைய விட்டிருக்கிறார்கள்.

அக்கா தன் மகன் போட்டோவை எடுத்துவர வீட்டுக்கு ஓடினாள். நாலு வீடு தள்ளித்தான். அவள் திரும்பி வருவதற்குள் ஜீப் வந்துவிட்டது. டேப்லெட்டைப் பிடுங்கிக்கொண்டு மாமாவை ஏற்றினார்கள். அக்கா அவரையும் பார்க்காமல், மகன் படத்தைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். கன்ட்ரோல் ரூமில் யாருக்கோ பதில் தெரிந்திருக்கும். சாம்பலா, வேறு நிறமா என்று பார்க்க எங்களிடம் ஒன்றும் இல்லை.

அடுத்த வியாழக்கிழமையும் நின்றார்கள். அதற்கடுத்ததும். பக்கத்துத் தெருக்களிலிருந்தும் படங்களோடு வர ஆரம்பித்தார்கள். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் "கலைந்து செல்லவும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். "நீ இறங்கி வந்து கலைச்சுப் பாரேன்" என்பார் பேக்கரிக்காரம்மா. அவர் ஒரு வாரம்கூட வராமல் இருந்ததில்லை. "உங்களுக்குத்தான் தெரிஞ்சுபோச்சேம்மா, நீங்க ஏன் வெயில்ல நிக்கணும்?" என்று கேட்டேன். "மிச்சப் பிள்ளைங்களும் என் கையால பன்னு தின்னதுங்கதான்டி" என்றார்.

நாற்பத்தொரு நாள் கழித்து மாமா ஜாமீனில் வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எந்த அரசுக் கேமராவுக்கும் நூறு அடிக்குள் வரக்கூடாது என்று நிபந்தனை. நீதிபதி எங்கள் தெருவைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. வீட்டு வாசலுக்கும் பதினைந்தாம் நம்பருக்கும் பதினாறு அடிதான்.

"பின்சந்து வழியாப் போய்க்கலாமே மாமா?"

"அங்க இருபத்தொன்பதாம் நம்பர் இருக்கு. நான்தானே மாட்டினேன்."

மறுநாள் வியாழன். ஆறு வாரமாகத் தூக்கிப் பிடித்ததில் அக்காவுக்குத் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. "இன்னைக்கு என்கிட்ட குடு" என்று மாமா படத்தை வாங்கிக்கொண்டார். ஏணியை எடுத்துப்போய்ப் பதினேழாம் நம்பர் கம்பத்தில் சாய்த்தார். ஏழு படி ஏறி, லென்ஸுக்கு ஒரு முழத் தூரத்தில் படத்தைப் பிடித்தார்.

"எங்க பையன். நல்லாப் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

"கலைந்து செல்லவும்."

"நான் தனி ஆளும்மா. கலையறதுக்கு என்ன இருக்கு?"

தெரு சிரித்தது. "கலைந்து" என்று மறுபடி தொடங்கிய குரல் பாதியில் நின்றது. ஸ்பீக்கரில் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. அப்புறம் அதே பெண், ஆனால் வேறு ஆள் மாதிரி, அவசர அவசரமாகப் பேசினாள்.

"ஐயா, உங்க பையன் உயிரோட இருக்கார். நம்ம ராணுவச் சிறையிலதான் வெச்சிருக்காங்க. சுடமாட்டேன்னு துப்பாக்கியைக் கீழே வெச்சிருக்கார்."

அக்கா என் மேல் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். மாமா ஏணிப் படியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகைதான், ஆனால் அதற்கு மேல் பெருமை. யூனிஃபார்ம் இடுப்பில் நிற்காத அந்தப் பயல் ஒரு அரசாங்கத்திடம் முடியாது என்று சொல்லியிருக்கிறான்.

ஸ்பீக்கரில் கன்ட்ரோல் ரூம் கதவை இடிக்கிற சத்தம் கேட்டது. அவள் உள்ளே தாழ் போட்டிருக்க வேண்டும். "நேரமில்லை. அடுத்தவங்க படத்தைக் காட்டுங்க, சீக்கிரம்" என்றாள்.

மாமா இறங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கையைக் கீழே நீட்டினார். வரிசையில் முதலில் நின்ற டீச்சரம்மா தன் மகன் படத்தைக் கொடுத்தார், அவருக்குப் பின்னால் நின்றவர் தன்னுடையதை எடுத்து வைத்துக்கொண்டார். தெருமுனையில் ஜீப் வந்து ஹாரன் அடித்தது. வரிசை அந்த ஜீப்புக்கும் பின்னால் வரை நீண்டிருந்தது, ஒருத்தியும் வழி விடவில்லை.