மடிக்கொடியின் மேல் சொட்டிய குழாய்

எனக்குப் பொறுமை கிடையாது. பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்கக்கூட என்னால் முடியாது. இரண்டு தடவை வாசலுக்குப் போய்விட்டு வருவேன். அப்படிப்பட்டவள் ஸ்ரீரங்கத்தில், மடி ஆசாரம் பார்க்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டேன். விடியற்காலையில் மாமியார் ஸ்நானம் செய்து, முதல் நாளே கொடியில் உலர்த்திய ஒன்பது கஜப் புடவையைக் கட்டிக்கொண்டால், பூஜையும் தளிகையும் முடியும்வரை அவர்மேல் யார் நிழலும் படக்கூடாது. கல்யாணமாகி நான்கு வருஷத்தில், அந்த வேளையில் நான் அவரைத் தொட்டதே கிடையாது.

அறுபதுகளின் தொடக்கம் அது. மாமியாருக்கு இழுப்பு. மார்கழி வந்தால் நெஞ்சுக்குள் பூனை கத்தும். வெந்நீர் போட விறகு வைத்தால் புகை ஆகாது. புகைக்குப் பயந்து பச்சைத் தண்ணீரில் குளித்தால் இழுப்பு இன்னும் ஏறும். "இன்னொரு மார்கழி பச்சைத் தண்ணியில குளிச்சா நான் பொறுப்பில்லை" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். குளிக்காமல் இருங்கள் என்று மாமியாரிடம் சொல்ல யாருக்குத் துணிச்சல்?

என் ஆத்துக்காரர் எங்கிருந்தோ ஒரு பழைய செப்பு பாய்லரைக் கொண்டுவந்தார். திருச்சியில் இடித்துக்கொண்டிருந்த ஒரு பங்களாவில் கிடைத்ததாம். ஆள் உயரத்தில் பாதி, உள்ளே கரண்டில் சுடும் கம்பி. அதைப் பொருத்த காந்தி மார்க்கெட் பக்கத்திலிருந்து ஒரு பாய் வந்தார். குழாய் வேலையில் கைதேர்ந்தவர். வாயைத் திறந்தால் அளந்துதான் பேசுவார்.

மாமியார் கூடத்திலிருந்தபடியே முதல் கேள்வியைப் போட்டார். "குழாய்க்குள்ள தோல் வாஷர் இருக்குமே? தோல் பட்ட தீர்த்தத்துல எப்படி ஸ்நானம் பண்றது?"

பாய்க்குக் கோபம் வரவில்லை. பழைய சைக்கிள் டியூப் ஒன்றை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே வட்டம் வட்டமாக வெட்டினார். "இதுல தோலே இல்லைங்கம்மா. ரப்பர். மரத்துப் பாலுங்க."

மரத்துப் பால் என்றதும் மாமியார் முகம் தெளிந்தது.

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஒரு குழாய் இறங்கி, கீழே ஒரு வால்வோடு, குளியலறையில் வைத்த பாய்லரின் அடியில் சேர்ந்தது. பாய்லரின் தலையிலிருந்து இன்னொரு குழாய் கிளம்பி, தொட்டிக்கும் மேலே போய், முற்றத்தைப் பார்த்துக் கொக்கு மாதிரி கழுத்தை வளைத்தது. முதலில் பாய்லரைத் தண்ணீரால் நிரப்பினார் பாய். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, புஸ்புஸ்ஸென்ற காற்று அடங்கித் தண்ணீர் சீராக விழும்வரை காத்திருந்தார். மூட்டு மூட்டாகத் தடவிப் பார்த்துக் கசிவு இல்லை என்று தெரிந்த பிறகுதான் சுவிட்சைப் போடச் சொன்னார். எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. சீக்கிரம் போடுங்களேன் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

"தண்ணி இல்லாம சுவிட்சைப் போட்டா கம்பி எரிஞ்சுடுங்க" என்றார். பிறகு கொக்குக் கழுத்தைக் காட்டி, "இதுதான் இந்த பாய்லர் பெட்டிக்கு மூச்சு. பெரியம்மாவுக்கு மூச்சு எப்படியோ அப்படி. இதையும் அடைக்கக்கூடாது, கீழே தொட்டி வால்வையும் மூடக்கூடாது. சூடு அதிகமானா ரெண்டு சொட்டு துப்பும். துப்பட்டும்" என்றார்.

துப்பிற்று. எங்கே? நேர் கீழே மாமியாரின் மடிக்கொடிமேல்!

காலையில் கொடியைப் பார்த்துவிட்டு, "சொட்டிடுத்து. மடி போச்சு" என்பார். நான் மறுபடி ஒன்பது கஜத்தையும் நனைத்து, பிழிந்து, கோலால் தூக்கிப் போடவேண்டும். மார்கழிப் பனியில் எது உலரும்? மூன்று நாள் இதே கதை. கொடியை நகர்த்தினால் போச்சே என்பீர்கள். பாயும் அதைத்தான் சொன்னார். ஆனால் கொடி என் மாமியாரின் மாமியார் கட்டிய இடத்தில் இருந்தது. அதைத் தொட நான் யார்? வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். நானும் மாமியாரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது குறைவு. என் குறை அவருக்கும் அவர் குறை எனக்கும் அவர் பிள்ளை வாய் வழியாகத்தான் போய்ச் சேரும். என் ஆத்துக்காரரோ இரண்டையும் பாதி வழியில் முழுங்கிவிடுவார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் எனக்குத் தலைக்கேறிவிட்டது. பழைய நீலப் புடவையில் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். கொக்கின் வாயில் திணித்து, குச்சியால் இடித்து இறுக்கினேன். "இப்போ துப்பு பார்க்கலாம்" என்று குழாயிடம் சொன்னேன். வாயால்தான் சொன்னேன். வெட்கம்கெட்டவள்.

மறுநாள் நாலு மணிக்கு ஆத்துக்காரர் வழக்கம்போல சுவிட்சைப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். நான் காபி டிகாக்‌ஷனுக்கு நீர் கொதிக்க வைத்தேன். அரை மணி ஆகியிருக்கும். குளியலறைப் பக்கம் ஒரு முனகல். பிறகு செம்பை யாரோ உள்ளிருந்து முட்டுவதுபோல 'டங்'. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாத்திரத்தை எடுத்தேன், வைத்தேன். மறுபடி 'டங்'. கொல்லைப்பக்கக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மாமியார் குளிக்கப் போகிறார்.

நீலத்துணி ஞாபகம் வந்தது.

ஓடினேன். முதலில் மெயின் சுவிட்சைத்தான் இழுத்தேன். அந்த அளவுக்காவது புத்தி இருந்தது. வீடு இருட்டாயிற்று. "அம்மா, குழாயைத் தொடாதீங்கோ!" என்று கத்தியபடி குளியலறைக்குள் போனேன். அகல் விளக்கு வெளிச்சத்தில் பாய்லர் வயிறு உப்பி நின்றது. மாமியாரின் கை வெந்நீர்க் குழாயின் திருகின்மேல். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து, மறு கையால் இடுப்பை வளைத்து, பிள்ளையைத் தூக்குவதுபோல இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து விழுந்தேன்.

பின்னால் செம்பு கிழிந்தது. சீறிக்கொண்டு வந்த கொதிநீர், அவர் நின்றிருந்த இடத்துச் சுவரில் சுண்ணாம்பைப் பெயர்த்தது. ஆவி வாசல்வரை வந்தது.

அவருக்கு மூச்சு இழுத்தது. நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். தடவ எனக்கு உரிமை இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. ஐயோ, தொட்டாயிற்றே! இனி மறுபடி குளிப்பார். வெந்நீர் ஏது? பச்சைத் தண்ணீர்தான். வெந்நீரிலிருந்து காப்பாற்றி நானே அவரைப் பச்சைத் தண்ணீரில் தள்ளிவிட்டேன் என்று அழுகை வந்தது. ஆத்துக்காரர் போர்வையைப் போர்த்தினார். மாமியார் எழுந்திருக்கவில்லை. தூணில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார்.

ஆத்துக்காரர் சொல்லி அனுப்ப, விடிந்ததும் பாய் சைக்கிளில் வந்து சேர்ந்தார். மாடிக்குப் போய்த் துணியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். கீழே தொட்டிக் குழாயின் வால்வைத் தொட்டுப் பார்த்தார். அதுவும் மூடியிருந்தது!

"மேலே மட்டும் அடைச்சிருந்தா சூடேறின தண்ணி தொட்டிக்குத் திரும்பியிருக்கும். கீழேயும் மூடியிருக்கு. ரெண்டையும் யாருங்க அடைச்சது?"

"துணி நான்தான்" என்றேன்.

"வால்வு நான்தான்" என்றார் மாமியார்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். பிள்ளையை நடுவில் வைக்கவில்லை.

"மூணு நாளா அந்தக் கனத்தைப் பிழிஞ்சு பிழிஞ்சு போட்டியே. தண்ணியே உள்ள போகலைன்னா சொட்டாதுன்னு நேத்து ராத்திரி மூடினேன். வாய் விட்டுச் சொல்லுவியோன்னு பார்த்தேன். நீ சொல்லலை."

வாய்த்துடுக்கு என்று பெயர் எடுத்தவள் நான்.

பாய் வால்வின் கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "புதுப் பெட்டி கிடைச்சதும் வரேங்க. அதுவரைக்கும்..." என்று ஆரம்பித்து மாமியாரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவர் போன பிறகு ஆத்துக்காரர் தயங்கித் தயங்கி, "அம்மா, ஸ்நானம்..." என்றார்.

மாமியார் எழுந்தார். நேரே கிணற்றடிக்குப் போவார் என்று நான் பயந்துபோய்க் கூடவே போனேன். அவர் முற்றத்தில் நின்று கொடியை அண்ணாந்து பார்த்தார். ஒரு முனையைத் தானே அவிழ்த்தார். மறுமுனையை என்னிடம் நீட்டினார்.

"அந்தத் தூண்ல கட்டு. இழுத்துக் கட்டு, தொங்கக்கூடாது" என்றார். பிறகு, குளிக்காத வாயால், மார்கழிக் காலையில், "காபி இருந்தா ஒரு வாய் கொண்டா. உனக்கும் எடுத்துண்டு வா" என்றார்.